பிரைடாவின் நேரம்

டூரியின் கைக்கடிகாரம் வருஷத்தில் ஏழு மாதம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. டூரிதான் ஒத்துழைக்க மாட்டான். மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டு, கோடை வந்துவிட்டது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும். மலைமேல், இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் தன் விடுதியில் உட்கார்ந்திருக்கும் டூரி மட்டும் தள்ள மாட்டான்.

"பனிக்குச் சட்டம் தெரியுமா? அதுக்கு வெயில்தான் தெரியும்" என்பான்.

"பனிக்குத் தெரியாது. பஸ்ஸுக்குத் தெரியுமே" என்பாள் பிரைடா. கல்யாணமான புதிதில், இந்தக் கடிகாரத்தை நம்பிக் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டு, அவளுடைய சொந்தத் தங்கையின் திருமணத்துக்குக் கேக் வெட்டி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். அதை அவள் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

டூரியிடம் ஒரு காரணம் இருந்தது. இருபத்தேழு வருஷமாகத் தினமும் காலையில் அவன் எழுதிவரும் பனி நோட்டு. எவ்வளவு ஆழம், ஊன்றுகோல் எவ்வளவு இறங்கியது, எந்தச் சரிவில் பனி எத்தனை மணிக்கு அவிழ்ந்து விழுந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். எல்லாமே குளிர்கால நேரம். கடிகாரத்தை மாற்றினால் நோட்டு பொய் பேசும் என்பது அவன் வாதம். வீம்புக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் அப்புறம் அதை யாரால் அசைக்க முடியும்?

ஆகவே அந்த விடுதியில் இரண்டு நேரங்கள் குடித்தனம் நடத்தின. 'என் நேரம்', 'உன் நேரம்' என்றே பேசிக்கொள்வார்கள். டூரியின் கடிகாரம் அடுப்படி ஆணியில் தொங்கும். பிரைடா அதைப் பார்த்தால் யோசிக்காமல் ஒரு மணி கூட்டிக்கொள்வாள், சூப்பில் உப்புப் போடுவது மாதிரி.

விடுதிக்கும் கீழே உள்ள கிராமத்துக்கும் நடுவில் 'கறுப்பு விலா' என்று ஒரு சரிவு. அதைக் குறுக்கே கடந்தால்தான் வீடு. கடக்க அரைமணி நேரமாகும். வசந்தகாலத்தில் அதன் குணமே வேறு. இரவில் உறைந்து, விடிகாலையில் மேசை மாதிரி ஆளைத் தாங்கும். கிழக்குப் பார்த்த சரிவு என்பதால் காலைச் சூடு முதலில் அதைத்தான் பிடிக்கும். முற்பகல் ஆனதும் உள்ளே தண்ணீர் இறங்கி, பனி கஞ்சியாகக் குழைந்து, ஏதோ ஒரு நிமிஷத்தில் மொத்தமாகக் கீழே வந்துவிடும். அந்த நிமிஷத்துக்கு முன்பே கடந்துவிட வேண்டும். முடியாவிட்டால் கிராமத்துப் பக்க ஓரத்தில் இருக்கும் வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்து, சாயங்காலம் மறுபடி உறையும்வரை காத்திருக்க வேண்டும். இதில் ரோஷம் பார்ப்பவர்கள் அந்த மலையில் அதிக நாள் இருப்பதில்லை.

எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்பதை டூரி சொல்வான். அது அங்கே வழக்கம். விடியும் முன்பே வெளியே போய், ஊன்றுகோலைக் குத்திப் பார்த்து, மேல்பொருக்கை முஷ்டியால் உடைத்துப் பார்த்து, உள்ளங்கையில் கொஞ்சம் பனியை அள்ளிப் பிழிந்துவிட்டு வந்து ஒரு மணியைச் சொல்வான். விருந்தாளியானாலும் பெண்டாட்டியானாலும் அன்றைக்கு அதுதான் சட்டம். பிப்ரவரியில் முழங்கால் ஆபரேஷன் ஆகி, சறுக்குக்கட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் இந்த வேலையை மட்டும் அவன் விடவில்லை. தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் நேரம் சொன்னதில்லை, அந்த ஏப்ரல் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு அவர்களுடைய இருபத்திரண்டாவது கல்யாண நாள். இரண்டே விருந்தாளிகள், விடியுமுன் நாலரைக்குக் கணவாய்ப் பக்கம் கிளம்புகிறவர்கள், அதனால் ஏழரைக்கே படுத்துவிட்டார்கள். பார்லி சூப், அக்ரூட் கேக், அப்புறம் பிரைடாவின் அம்மா வீட்டிலிருந்து வந்த செர்ரி மது. பாத்திரம் கழுவும்போது பிரைடாவின் கைபேசி தொட்டித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது. அதை எடுத்துத் துடைத்து ஒரு கிண்ணம் பார்லிக்குள் புதைத்து வைத்தாள். பிறகு சிவப்புக் கம்பளி நூலில் தானே பின்னிய ஒரு முழங்கால் உறையை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"போட்டுப் பாரு. உறை சின்னதாயிருந்தா காலை வெட்டிக்கலாம், உறையை மாத்த மாட்டேன்."

சரியாகப் பொருந்தியது. டூரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. சாமான் கொண்டுவரும் ஹெலிகாப்டருக்குச் சொல்லிவிட மறந்திருந்தான். அதை மறைக்க இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான்.

"ஈஸ்ட் தீந்துபோச்சு. காலையில கீழ போய்ட்டு வந்துடறேன்" என்றாள் பிரைடா. "விடிகாலையில உன்னை எழுப்பறேன், பாத்துச் சொல்லு."

டூரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். வானம் பூராவும் நட்சத்திரம். மதுவும் மனைவியும் சிவப்பு உறையும் சேர்ந்து அவனைத் தாராளமாக்கிவிட்டன.

"எதுக்குப் பாக்கணும்? வானத்தைப் பாரு, ஊசி குத்தின மாதிரி நட்சத்திரம். விடியறதுக்குள்ள பாறையாயிடும். உன் நேரத்துக்குப் பத்தரை. அதுக்குள்ள தாண்டிடு."

"தொட்டுப் பாக்காமயா சொல்றே?"

"இருபத்தேழு வருஷம் தொட்டவன்டி நான்."

"சரி மகாராஜா. அப்ப காலையில நல்லாத் தூங்கு" என்று அவன் தலையைக் கலைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அவள் போன பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்தான். திருகை இழுத்து, முள்ளை ஒரு சுற்று முன்னால் தள்ளினான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. திருட்டு வேலை செய்வது மாதிரி படுக்கையறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். காலையில் அவள் பார்ப்பாள், பழக்கதோஷத்தில் ஒரு மணி கூட்டுவாள், கணக்கு இடிக்கும், அப்புறம் புரியும். அந்த முகத்தை அவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 'இந்தா, உன் பஸ் நேரம்' என்று சொல்வதாக ஒத்திகையும் பார்த்துக்கொண்டான். பிறகு போய்ப் படுத்தான். செர்ரி மது தன் வேலையைக் காட்டியது.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தில்தான் கண் விழித்தான்.

முதலில் அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. வசந்தத்தின் சத்தம் அது. அப்புறம்தான், காலையில் கூரை சொட்டக்கூடாதே என்று உறைத்தது. முன்னறையில் இருந்த விடுதித் தொலைபேசியில் ஏழு நாற்பது. யாரையும் கேட்காமல் தானாகவே கோடைக்கு மாறிக்கொள்ளும் அந்தச் சாதனத்தை அவனுக்கு எப்போதுமே பிடிக்காது. விருந்தாளிகள் போயிருந்தார்கள். பிரைடாவும் போயிருந்தாள். போகும்போது அவன்மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போயிருந்தாள்.

கதவைத் திறந்தான். வானத்தில் ஒரு நட்சத்திரம் இருந்த இடமும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் மேகம், பழைய ரஜாய்ப் போர்வை மாதிரி மலையை மூடிக் கிடந்தது. நடுராத்திரிக்கு மேல் வந்திருக்க வேண்டும். மேகம் மூடினால் பனி தன் சூட்டை வெளியே விடாது, விடாவிட்டால் உறையாது. ஊன்றுகோலைக் குத்தினான். கைப்பிடிவரை இறங்கியது. முஷ்டியால் குத்த வேண்டிய பொருக்கை ஒரு விரலால் உடைத்தான். நகக்கனம்கூட இல்லை. அடியில் எல்லாம் ஈரச் சர்க்கரை.

இன்றைக்குப் பத்தரை இல்லை. ஒன்பதுகூட அதிகம்.

இருட்டில் போனவளுக்கு இது தெரிந்திருக்காது. தினமும் ஏறி இறங்கி இறுகிப்போன தடத்தில்தான் அவள் சறுக்கிப் போயிருப்பாள். தடம் எப்போதும் கெட்டியாகத்தான் இருக்கும். கிராமத்தில் கடை வைத்திருக்கும் மெங்கியாவுக்குப் போன் போட்டான்.

"அவ ஏழு பத்துக்கே கிளம்பிட்டாளே டூரி" என்றாள் மெங்கியா. "ஈஸ்ட்டு, வெங்காயம், உனக்கு உலர்ந்த இறைச்சி கூட வாங்கினா. ஏன்யா, நேத்துக் கல்யாண நாளாமே? என்ன குடுத்தேன்னு கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டா. ஒண்ணும் குடுக்கலைதானே நீ?"

"மெங்கியா, அவளை நிறுத்தணும். பனி உறையவே இல்ல. நான் தப்பான நேரம் சொல்லி அனுப்பிட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "போய் அரைமணிக்கு மேல ஆச்சேப்பா. என் வயசுக்கு ஓடிப் பிடிக்கவா முடியும்? இரு, மீட்புக் குழுவுக்குச் சொல்றேன்."

சொல்லட்டும். ஆனால் சரிவு விழுந்த பிறகுதான் அவர்களுக்கு வேலை, அதுவும் இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் ஏறாது. புதைந்தவருக்குக் கால்மணி நேரம் இருக்கும், அதற்கு மேல் இருந்தால் அதிர்ஷ்டம். இது டூரிக்கு மனப்பாடம். இத்தனை வருஷம் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்திய கணக்குதான்.

அடுப்படிக்கு வந்தான். ஆணி காலியாக இருந்தது. கைபேசி இல்லாததால் கடிகாரத்தை எடுத்துப் போயிருக்கிறாள். ஒரு கணம் மனசு குளிர்ந்தது, மறுகணமே எரிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான நேரத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறான், தப்பான வார்த்தையோடு. முள்ளை மாற்றியது இதற்குள் அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் ஒன்பதே முக்காலுக்குக் கொட்டகைக்கு வருவாள். இன்னும் நேரம் இருக்கிறதே என்று சரிவில் இறங்குவாள். புருஷன் சொன்ன நேரத்தை அவள் மீறியதே இல்லை.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய பசு மணி தொங்கியது. சின்ன வயதில் மார்ச் முதல் தேதி பனியை விரட்ட ஊர்ப் பிள்ளைகளோடு டூரி அடித்துக்கொண்டு போன மணி. இப்போது சூப்புக்கு நேரத்தில் வராதவர்களைக் கூப்பிட அதைத்தான் அடிப்பார்கள். அதைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, சிவப்பு உறை போட்ட காலை இழுத்துக்கொண்டு புறப்பட்டான்.

கறுப்பு விலா தெரியும் மேடு விடுதியிலிருந்து கூப்பிடு தூரம்தான். நல்ல காலில் பத்து நிமிஷம். தடமே இல்லாத பனியில் ஒவ்வொரு அடிக்கும் தொடைவரை புதைந்து, காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு தடவை விழுந்தான். மேட்டிலிருந்து சரிவின் நடுப்பகுதி தெரியும். அந்தப் பக்கக் கொட்டகையை ஒரு பாறைத் தோள் மறைத்திருந்தது. தடத்தில் யாரும் இல்லை. மணியை அடிக்கத் தொடங்கினான்.

சத்தம் போட்டால் பனி சரியும் என்று கீழே சமவெளிக்காரர்கள் கதை சொல்வார்கள். அப்படியிருந்தால் பசு மணி அடிக்கும் ஊர் ஒன்றும் மிஞ்சியிருக்காது. டூரி பயமில்லாமல் அடித்தான். வலது கை ஓய்ந்ததும் இடது கை, அது ஓய்ந்ததும் இரண்டு கையும். 'வராதே, வராதே' என்று அடித்தான். அவளுக்கு அது கேட்டால் மட்டும் போதாது, புரியவும் வேண்டும். நடுநடுவே நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த மேட்டில் வரிசை கட்டி வந்தது. அவள் பின்னியது எவ்வளவு சரியாகப் பொருந்தியது என்றுகூட நேற்று அவன் சொல்லவில்லை.

அப்போது சரிவின் மேல் பாகத்தில் இரண்டு மூன்று பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கின. அவன் கை நின்றுவிட்டது. உருண்டைகளுக்கு மேலே குறுக்காக ஒரு கோடு ஓடியது. கோடு வாய் பிளந்தது. பிறகு கறுப்பு விலா முழுவதும், அவசரமே இல்லாமல், கனமாக, குழைத்த சிமெண்டைக் கொட்டியது போல் கீழே இறங்கியது. தடத்தை விழுங்கியது, புதர்களை விழுங்கியது, ஓடைவரை போய்க் குவிந்து நின்றது. பனி இருந்த இடத்தில் போன வருஷத்துப் பழுப்புப் புல் மட்டும் தெரிந்தது.

அவள் அதில் இருந்தாளா என்பது தெரியவில்லை. மேலே உருளும் உருண்டைகளையே பார்த்ததில் தடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டான். "பிரைடா!" என்று கத்தினான். கால்மணி நேரம் என்ற அந்தக் கணக்கு தலைக்குள் தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. மேட்டிலிருந்து கீழே இறங்கப் பார்த்தான், முழங்கால் மடங்கி விழுந்தான், தவழ்ந்தான், பாறைத் தோளைத் தாண்டிக் கொட்டகை கண்ணுக்குத் தெரியும் இடம்வரை தவழ்ந்தே போனான்.

கொட்டகைக் கூரைமேல் ஒரு நீலச் சட்டை நின்று இரண்டு கையையும் ஆட்டியது.

டூரி பனியிலேயே முகம் குப்புறப் படுத்துவிட்டான். அழுதான் என்று சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் அழுதான்.

அதன் பிறகு அன்றைக்கு நடந்தது, இருவரும் ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்திருந்ததுதான். ஓரங்களில் இன்னும் அவிழாத பனி தொங்கியது. உறையும்வரை யாரும் நகரக்கூடாது. பேசினால் கேட்காத தூரம். ஒருமுறை மட்டும் டூரி நொண்டிக்கொண்டே விடுதிக்குப் போய், மெங்கியாவுக்குச் சொல்லிவிட்டு, பைனாகுலரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அவள் கூரைமேல் கால் நீட்டி உட்கார்ந்து அவனுக்கு வாங்கிய உலர்ந்த இறைச்சியைத் தின்றுகொண்டிருப்பது பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. அரைமணிக்கு ஒரு தடவை அவள் கையாட்டினாள், இவன் ஒரு தட்டு மணி அடித்தான். நாலு மணிக்கு மேகம் கலைந்தது. ஏழு மணிக்குக் குளிர் இறங்கியது. டூரி ஓரத்துக்குப் போய் ஊன்றுகோலைக் குத்தினான். முஷ்டியால் குத்தினான். பத்து இடத்தில் குத்தினான். விரல் கணுக்கள் உரிந்து ரத்தம் வந்த பிறகுதான் திருப்தியாகி மணியை இரண்டு தட்டுத் தட்டினான்.

பிரைடா வந்தாள். மூட்டையை இறக்கியதும் முதல் வேலையாக அவன் நெஞ்சில் ஒரு குத்துவிட்டாள்.

"பைத்தியக்காரா! ஆபரேஷன் பண்ணின காலை வெச்சுக்கிட்டு இங்க என்ன பண்றே? அதுவும் காலங்காத்தால மணி வேற! நான் லேட்டுன்னு எனக்குத் தெரியாதா? சூப்புக்குக் கூப்பிடற மாதிரி ஊரைக் கூட்டி மானத்தை வாங்கறே!"

"லேட்டா?"

"பின்ன? காலையில இருட்டுல எடுத்துப் பையில போட்டதுதான், கொட்டகைக்கு வந்துதான் கடிகாரத்தைப் பாக்கறேன், ஒன்பதே முக்கால். உன் நேரம். அப்ப என் நேரத்துக்குப் பத்தே முக்கால். நீ சொன்ன பத்தரை தாண்டிப்போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு டூரி. கடை மணிக்கு ஏழு பத்துக்குக் கிளம்பினவ இந்த ஏத்தத்துக்கு மூணரை மணி நேரமா எடுத்தேன்? அவ்வளவு கிழவியாயிட்டேனான்னு. உன்னைத் திட்டிக்கிட்டே உக்காந்து பையைப் பிரிக்கறேன், பத்து நிமிஷம்கூட ஆகல, மொத்த மலையும் இறங்குது."

டூரி அவள் சட்டைப் பையைத் தொட்டான். அவள் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"பிரைடா, இது உன் நேரம்."

"என்ன?"

"நேத்து நீ படுத்தப்புறம் மாத்தி வெச்சேன். கல்யாண நாளுக்கு. உனக்குக் குடுக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பழுப்பாகக் கிடந்த சரிவைப் பார்த்தாள்.

"அப்ப நான் கொட்டகைக்கு வந்தது நிஜமாவே ஒன்பதே முக்காலுக்கு."

"ம்."

"கூட்டாம இருந்திருந்தா தாண்டக் கிளம்பியிருப்பேன்."

"ம்."

"நடுவுல இருந்திருப்பேன்."

இதற்கு அவன் 'ம்' சொல்லவில்லை. "பத்தரைன்னு சொன்னதே தப்பு" என்றான். "தொட்டுப் பாக்காம சொன்னேன். குடிச்சிட்டுச் சொன்னேன். உன்னை நானே கொன்னிருப்பேன். நீ இல்லன்னா எனக்கு உன் நேரமும் வேண்டாம், என் நேரமும் வேண்டாம் பிரைடா."

பிரைடா உரிந்திருந்த அவன் கணுக்களைத் தன் கையுறையால் துடைத்தாள். "ஒரே ராத்திரியில கொல்லவும் பாத்தே, காப்பாத்தவும் செஞ்சே. ரெண்டும் தெரியாமலே" என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகி, அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "அப்ப ரெண்டரை மணி நேரம்தான் எடுத்திருக்கேன். போன வருஷத்தைவிட வேகம்" என்றாள்.

"கிழவி இல்லை" என்றான் டூரி.

"இனிமே சாயங்காலம் நேரம் சொன்னே, அடுத்த முட்டியை நானே உடைப்பேன்."

அவனைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். விடுதிக்கு வந்ததும் கடிகாரத்தை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, ஈஸ்ட்டை வெந்நீரில் கரைத்து மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்தாள். டூரி பனி நோட்டைப் பிரித்தான். கறுப்பு விலா, முழுச் சரிவு, புல்வரை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"இறங்கினப்ப மணி பாத்தியா?"

"பத்தாக அஞ்சு நிமிஷம்" என்றாள் அவள், மாவிலிருந்து கையை எடுக்காமல். "உன் நோட்டுக்கு ஒரு மணி கழிச்சுக்கோ."

டூரி கழிக்கவில்லை. ஒன்பது ஐம்பத்தைந்து என்று எழுதினான். இருபத்தேழு வருஷத்துப் பக்கங்களில் ஒன்றிலும் இல்லாதபடி, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பிரைடாவின் நேரம்' என்று எழுதி, மை காயும்வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தான்.